ராணி தலை ரூபாய்க்கு இரண்டு விலை

1942 அக்டோபர் முதல் தேதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கிளம்பியது. பயணிகளோடும் பருத்தியோடும் இரும்போடும் சேர்த்து இரண்டாயிரம் மரப்பெட்டிகள் ஏற்றியிருந்தார்கள். பெட்டிகளுக்குள் இருந்தது வெள்ளி ரூபாய். மொத்தம் சுமார் நூறு டன். சந்தையிலும் கோயில் உண்டியலிலும் கல்யாணத் தாம்பாளத்திலும் புழங்கித் தேய்ந்த காசுகள். நவம்பர் 6-ஆம் தேதி இரவு, தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே, யு-68 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளி 5,150 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது.

எழுபது ஆண்டு கழித்து, ஒரு தனியார் மீட்பு நிறுவனம் அந்த ஆழத்திலிருந்து பல டன் காசை மேலே கொண்டுவந்தது. விஷயத்தை 2015-இல்தான் வெளியே சொன்னார்கள். மீட்ட காசை என்ன செய்தார்கள் தெரியுமா? பிரிட்டனில் உருக்கி, வெள்ளியாக விற்றுவிட்டார்கள்.

நாணயம் சேர்ப்பவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். ஆனால் அந்தப் பெட்டிகள் கப்பலேறியதே வெள்ளிக்காகத்தான். லண்டனில் ரூபாயைக் கொடுத்து ஒரு ரொட்டி வாங்க முடியாது. பிரிட்டிஷ் கருவூலத்துக்கு யுத்தச் செலவுக்கு உலோகம் வேண்டியிருந்தது. அது இந்தியர்களின் கையில் காசாகக் கிடந்தது.

இன்று சென்னை சௌகார்பேட்டையிலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் பழைய ரூபாய் இருக்கிறதா என்று விசாரித்து வருகிறவர்களில் பலருக்கும் இதே கணக்குதான். அபூர்வ நாணயத்துக்காக ஏலம் கேட்கிறவர்கள் வேறு ரகம். இவர்கள் தேய்ந்த, கறுத்த, எல்லோர் வீட்டிலும் இரண்டு மூன்று கிடக்கிற சாதாரண வெள்ளி ரூபாயை எடைக்கு வாங்கிச் சேர்ப்பவர்கள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கூட்டமும் கூடும். கூடவே ஏமாற்றுக்காரர்களும் கூடுவார்கள். பெட்டியின் அடியில் பாட்டி முடிந்துவைத்த காசு உங்கள் வீட்டிலும் இருந்தால், அதற்கு என்ன விலை, ஏன் அந்த விலை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ரூபாய் எடை

கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. அதுவரை சென்னைக்கு ஒரு காசு, வங்காளத்துக்கு ஒரு காசு, பம்பாய்க்கு ஒரு காசு. புதிய ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி ஒரு பங்கு செம்பு. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். நகைக்கடைக் கணக்கில் ஏறக்குறைய 91.7 டச். வில்லியம் மன்னர் தலையில் தொடங்கி விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் எனத் தலைகள் மாறினவே தவிர, நூறு ஆண்டுக்கு மேல் இந்த எடையும் மாற்றும் மாறவில்லை. எந்த அரசாங்கத்துக்கும் இது லேசான காரியமில்லை.

180 கிரெயின் என்பதுதான் தோலா. அதனால் ரூபாயே படிக்கல்லாகவும் ஆனது. நாட்டு மருந்துக் கடையில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று கேட்டு வாங்கிய தலைமுறை நம்மிடையே இருந்தது. சென்னை மாகாணக் கணக்கில் மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. தராசுத் தட்டில் 120 ரூபாயை வைத்தால் ஒரு வீசைக் கத்தரிக்காய் வாங்கிவிடலாம்.

அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா ஆகியவையும் அதே மாற்றில், அதே விகிதத்தில் அடிக்கப்பட்டவை. ஆகவே ஒரு முழு ரூபாயும் நான்கு கால் ரூபாயும் எட்டு வெள்ளி இரண்டணாவும் தட்டில் ஒன்றுதான். எடைக்குச் சேர்ப்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம். சில்லறையில் தேய்மானம் மட்டும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அதுதான் அதிகம் கைமாறியது.

1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியை அக்கசாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். உள்ளே இருக்கும் வெள்ளியின் விலையும் ரூபாயின் மதிப்பும் ஒன்றை ஒன்று ஒட்டியே நின்றன. உலகச் சந்தையில் வெள்ளி விழுந்துகொண்டே போக, ரூபாயும் சேர்ந்து விழுந்தது. 1893-இல் ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி அரசாங்கம் அந்தக் கதவை அடைத்தது. அதற்குப் பிறகு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி ஒரு ரூபாய்கூடப் பெறாது. அதை உருக்கினால் நஷ்டம்.

முதல் உலகப்போர் அதைத் தலைகீழாக்கியது. வெள்ளி விலை தாவியது. காசை உருக்கினால் லாபம் என்றானது. சனங்கள் ரூபாயைப் பதுக்கினார்கள். 1917 நவம்பர் 30-ஆம் தேதி அரசாங்கம் முதல்முறையாக ஒரு ரூபாய் நோட்டு வெளியிட்டது. அடுத்து இரண்டரை ரூபாய் நோட்டு என்ற விசித்திரமும் வந்தது. சில்லறையில் வெள்ளிக்குப் பதில் நிக்கல் கலந்த காசுகள் புகுந்தன. அதுவும் போதாமல், 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டுத் தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் சுமார் 26 கோடியை உருக்கி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. அந்த ஆண்டுகளில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குள் அமெரிக்க டாலரின் வெள்ளியும் கலந்திருக்கிறது. 1918, 1919, 1920 என்று ஆண்டு போட்ட ரூபாய் இன்றும் சல்லிசாகக் கிடைப்பது அப்போது அடித்துக் குவித்ததால்தான்.

அரசாங்கம் வாரிக்கொண்ட வெள்ளி

1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. செய்தி வந்ததும் இந்தியாவெங்கும் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் நிற்குமோ நிற்காதோ, வெள்ளி நிற்கும் என்பது அவர்கள் தீர்மானம். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. அரசாங்கம் உடனே, சொந்தத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மேல் நாணயம் வாங்கிச் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. ஒரு ரூபாய் நோட்டு மறுபடி வந்தது. அதே ஆண்டு ரூபாயின் மாற்றும் சரிந்தது: 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். எடை அதே 11.66 கிராம்; சுத்த வெள்ளி 5.83 கிராம்தான்.

நல்ல மாற்றுள்ள பழைய ரூபாய்களைத் திரும்ப வாங்கும் வேலை அதோடு தொடங்கியது. விக்டோரியா தலை 1941-இல் செல்லாது என்றானது. எட்வர்ட் தலை 1942-இல். ஐந்தாம் ஜார்ஜும் பழைய மாற்றில் அடித்த ஆறாம் ஜார்ஜும் 1943-இல். தேதிக்குள் கொடுத்தால் நோட்டு கிடைக்கும். தவறினால் கையில் இருப்பது வெறும் வெள்ளித் துண்டு. இப்படிச் சேர்ந்த காசு உருக்கு உலைக்கும் போனது, கப்பலுக்கும் போனது.

பாதி வெள்ளிக் காசிலிருந்தும் வெள்ளி போன கதை இன்னும் வேடிக்கை. போர்க்காலத்தில் காசு அடிக்க அமெரிக்காவிடம் லெண்ட்-லீஸ் ஏற்பாட்டில் இந்தியா சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளி கடன் வாங்கியது. போர் முடிந்தபின் அவுன்ஸுக்கு அவுன்ஸ் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் 1947 ரூபாயில் வெள்ளி துளிகூட இல்லை. முழுக்க நிக்கல், பின்பக்கம் புலி. பாதி வெள்ளிக் காசுகளையும் செலாவணியிலிருந்து இழுத்து, அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரிக்கக் கல்கத்தா அலிப்பூரில் ஆலை வைத்து, 1957 வாக்கில் சுதந்திர இந்தியா கடனை அடைத்தது. முதல் போரில் டாலராக வந்த வெள்ளி விலைக்கு வந்தது. இரண்டாம் போரில் வந்தது திரும்பிப் போனது.

ஆக, இந்த நாட்டில் வெள்ளிக்காகக் காசு சேர்த்தவர்களில் அரசாங்கத்தை மிஞ்சிய ஆள் கிடையாது. இன்று நம் வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த வலையில் சிக்காதது: பானையில் புதைத்தது, பத்தரிடம் கொடுத்துக் குழந்தைக்குத் தண்டையாகவோ அரைஞாண் கொடியாகவோ மாற்றியது போக எஞ்சியது, லம்பாடிப் பெண்கள் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கோத்தது, வரலட்சுமி நோன்புக் கலசத்தில் வருஷம் ஒருமுறை போட்டு எடுத்தது.

கையில் இருப்பது எது?

முதலில் தலையைப் பாருங்கள். மகுடம் வைத்த ராணி என்றால் விக்டோரியா. மொட்டைத் தலை ராஜா என்றால் எட்வர்ட். மகுடமும் தாடியும் என்றால் ஐந்தாம் ஜார்ஜ். இம்மூவரின் ரூபாயும் அசலாக இருந்தால் 91.7 டச்தான், சந்தேகமே வேண்டாம். மகுடம் உண்டு, தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ். கவனம் வேண்டியது இங்கேதான். 1938, 1939 என்று ஆண்டு இருந்தால் நல்ல வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதி வெள்ளி. அதன் விளிம்பில் பெரும்பாலும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். 1946, 1947 என்றால் வெள்ளியே இல்லை.

1947 ரூபாயை வெள்ளி என்று சொல்லி விற்கிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு காந்தம் போதும். நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஆனால் காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது; பித்தளைக்கும் ஜெர்மன் சில்வருக்கும் முலாம் பூசிய போலிகள் சந்தைகளில் ஏராளம். அடுத்தது எடை. கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ரூபாய் இரண்டு சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் செல்லாது என்று இருந்தது. அதாவது புழங்கின காசு 11.4 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். முகம் துலங்க இருக்கிற காசு பத்து கிராமோ பன்னிரண்டரை கிராமோ காட்டினால் அதைத் தள்ளிவிடுங்கள்.

எடையும் ஒத்துப்போய்ச் சந்தேகம் தீரவில்லையா? தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால், நல்ல ரூபாய்க்கு 10.3 அருகில் வரும். பாதி வெள்ளிக்கு 9.5 அருகில். பித்தளை இதற்கெல்லாம் வெகுகீழே, எட்டரையில் நின்றுவிடும். உரைகல்லில் உரசவோ ஒரு மூலையை வெட்டிப் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள். காசு அபூர்வமாக இருந்துவிட்டால் அந்த ஒரு கீறலே அதன் விலையைப் பாதியாக்கும்.

எடை விலை, காசு விலை

இனி விலைக்கு வருவோம். வெள்ளி விலை இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறியிருக்கும். எனவே கணக்குக்கு கிராம் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேயாத நல்ல ரூபாயின் வெள்ளி 1,069 ரூபாய் பெறும். 11.4 கிராமாகத் தேய்ந்தது 1,045 ரூபாய். 1940-களின் பாதி வெள்ளி ரூபாய் 583. அன்றைய விலை 150 என்றால் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இது எடை விலை. கடைக்காரர் உருக்கும் செலவு, கழிவு, தன் லாபம் எல்லாம் பார்த்து இதிலிருந்து குறைத்துத்தான் கொடுப்பார், அது நியாயம். எவ்வளவு குறைக்கிறார் என்பதை நான்கு கடையில் கேட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. பாதி வெள்ளிக் காசை வாங்கச் சிலர் தயங்குவார்கள், நான்கு உலோகக் கலவையிலிருந்து வெள்ளியைப் பிரிப்பது பிடுங்கல் என்பதால்.

இரண்டாவது, சேகரிப்பாளர் கொடுக்கும் காசு விலை. இதுதான் ஆசையைக் கிளப்புவது; வீட்டில் கிடைக்கும் ரூபாயில் பெரும்பாலானவற்றுக்கு இது கிடையவே கிடையாது என்பதுதான் உண்மை. 1862 என்று போட்ட ராணி ரூபாயைக் கண்டு பலர் பரவசப்படுகிறார்கள். அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். அது பழசுதான், அபூர்வமில்லை. எட்வர்ட் ரூபாயும் அப்படியே.

விலை பேசும் ஆண்டுகள் சில உண்டு. 1911 அதில் முதல். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் தொங்கும் பதக்கத்தில் ஒரு யானை. அதன் தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால் பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்தார்கள், அரசாங்கம் வெளியே விட்டது போக மிச்சத்தை உருக்கிவிட்டு, அடுத்த ஆண்டு யானையைத் திருத்திக்கொண்டது. வியாபாரிகள் வாயில் அது இன்றும் ‘பன்றி ரூபாய்’. 1922-க்குப் பிறகு 1938 வரை புழக்கத்துக்கென்று ரூபாய் அடிக்கவில்லை; 1922 கிடைத்தால் எடைக்குக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1939, பழைய மாற்றின் கடைசி ஆண்டு. வெளியே வந்தது சொற்பம். அதனாலேயே போலியும் அதில்தான் அதிகம். எட்டாம் எண்ணைச் சுரண்டி ஒன்பதாக்கும் கைகளும் உண்டு. 1939 என்று யாராவது நீட்டினால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

வளையம் பற்றவைத்த காசு, ஓட்டை போட்ட காசு, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த காசு ஆகியவற்றுக்குக் காசு விலை போய்விட்டது. எடை விலை அப்படியே இருக்கிறது. பூஜைப் பாத்திரம் துலக்கும் நம் வீட்டுப் பழக்கம் எத்தனையோ நல்ல ரூபாயைச் சாதாரண ரூபாயாக்கியிருக்கிறது. கறுத்திருந்தால் கறுத்தபடியே விடுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய வெள்ளியும் மறக்கக் கூடாதது. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வெளியிட்ட பத்து ரூபாய் 15 கிராம். அதில் 80 பங்கு, அதாவது 12 கிராம் வெள்ளி. பழைய ராணி ரூபாயைவிட அதிகம். 1972-இல் வந்த சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் எடையில் பெரிது, ஆனால் பாதிதான் வெள்ளி. அப்பா காலத்து அலமாரியில் இவை ‘வெறும் பத்து ரூபாய்’ என்று கிடப்பதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இதே பழக்கம் ஒரு தொழிலாகவே நடக்கிறது. 1964 வரை அங்கே பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் எல்லாம் 90 பங்கு வெள்ளி. 1965-இல் சட்டம் மாறி, முதல் இரண்டிலிருந்து வெள்ளி போனது. அரை டாலரில் 1970 வரை 40 பங்கு தங்கியது. வங்கியில் அரை டாலர் உருளைகளை வாங்கி, பிரித்துப் பழைய ஆண்டைப் பொறுக்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கட்டுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு: வெள்ளி எவ்வளவு விழுந்தாலும் கால் டாலர் கால் டாலராகவே செல்லும். நமக்கு அது இல்லை. ராணி ரூபாய் எண்பது ஆண்டுக்கு முன்பே செல்லாக்காசு. அதன் கீழே வெள்ளியைத் தவிர வேறு தாங்கல் எதுவும் கிடையாது.

அந்த வெள்ளியும் விழக்கூடியதே. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்த வேகத்தில் அவுன்ஸ் ஐம்பது டாலரைத் தொட்டது. மார்ச் 27-ஆம் தேதி பதினொரு டாலருக்கும் கீழே. மறுபடி ஐம்பதை நெருங்க 31 ஆண்டு ஆனது. விலை உச்சத்தில் இருக்கும்போது கடன் வாங்கிக் காசு சேர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

சட்டமும் சதியும்

நிலத்தைத் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் அது கிடைத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். சட்டம் எழுதிய நாளில் பத்து ரூபாய் என்பது நூறு கிராமுக்கு மேல் வெள்ளி. இன்று அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு டீகூட வராது. ஆனால் சட்டத்தில் தொகை அப்படியே இருக்கிறது. நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்று பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இன்றும் செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவதை 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது.

சட்டத்தைவிட அவசரமான ஆபத்து செல்போனில் வருகிறது. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரம். அழைத்தால் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று முதலில் உங்களிடமிருந்து பணம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே இந்த மோசடி நடந்ததால், தாங்கள் இதில் எதிலும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதே இல்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் ஏமாறுகிறார்கள். வாங்குகிறவன் எங்காவது விற்கிறவனிடம் கட்டணம் கேட்பானா?

வீட்டில் இருக்கும் வெள்ளி ரூபாயை அவசரத் தேவை இல்லாமல் விற்காதீர்கள். புதிதாகச் சேர்க்க ஆசைப்பட்டால் சாதாரண ஆண்டுக் காசுக்கு அன்றைய எடை விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். நகையில் போகும் செய்கூலியும் சேதாரமும் இதில் இல்லை என்பதே இதன் லாபம், அதைப் பேச்சுவார்த்தையில் விட்டுவிட வேண்டாம். விற்கத்தான் வேண்டும் என்றால் கடைக்குப் போகும் முன் ஆண்டு பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றையும் வீட்டிலேயே எடை போட்டு, தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.